வாக்கர் பிடித்த கையும் வாட்ச் கணக்கும்

கேள்வி: என் மாமனாருக்கு 76 வயது. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். காலையும் மாலையும் அரை மணி நேரம் வீட்டுக்குள் நடப்பதை நானே பார்க்கிறேன், ஆனால் அவர் கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட் வாட்ச் ராத்திரி 300 ஸ்டெப் என்கிறது. "அப்பா டபாய்க்கிறார்" என்று என் கணவருக்குக் கோபம். அதே வாட்சைக் கட்டிக்கொண்டு மாமியார் உட்கார்ந்து தேங்காய் துருவினால் எண் ஏறுகிறது! எதை நம்புவது?
- ஒரு வாசகி

பதில்: மாமனாரை நம்புங்கள். முதலில் உங்கள் கணவரை அவரிடம் ஒரு ஸாரி கேட்கச் சொல்லுங்கள்.

வாட்சுக்குள் ஆக்சிலரோமீட்டர் என்று ஒரு குட்டி சென்சார் இருக்கிறது. அதற்குக் காலைப் பற்றி ஒன்றும் தெரியாது, தன்னைக் கட்டியிருக்கும் இடம் எப்படி ஆடுகிறது என்பதை வைத்துத்தான் கணக்குப் போடும். கை வீசி நடந்தால் ஒரே சீரான ஆட்டம் வரும், அதை ஸ்டெப் என்று எடுத்துக்கொள்ளும். வாக்கரைப் பிடித்த கை எங்கே வீசுகிறது? போதாததற்கு அவர் பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து மெதுவாக வைப்பார், அந்தச் சின்ன அதிர்வை எல்லாம் இது நடையே இல்லை என்று தள்ளிவிடும். மாமியார் தேங்காய் துருவுவது தாளம் தப்பாத கை அசைவு, அதில் ஏமாந்துபோகிறது.

கூடவே நடந்து 100 ஸ்டெப் வாய்விட்டு எண்ணுங்கள், வாட்ச் எத்தனை காட்டுகிறது என்று பாருங்கள். அப்புறம் அதையே கணுக்காலில் கட்டி இன்னொரு 100. பெரும்பாலும் கணக்கு நெருங்கி வரும். சர்க்கரையோ கால் வீக்கமோ இருந்தால் இறுக்கிக் கட்டிவிடாதீர்கள்.

தினம் 10,000 ஸ்டெப் நடக்க வேண்டும் என்ற கணக்கைப் பிடித்துக்கொண்டும் அவரை விரட்ட வேண்டாம். 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு ஸ்டெப் எண்ணும் கருவிக்கு 'பத்தாயிரம் ஸ்டெப் மானி' என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள், அந்த விளம்பரத்தில் ஒட்டிக்கொண்டதுதான் இது. 2019-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில் 16,741 பெண்கள், சராசரி வயது 72, ஒரு வாரம் இடுப்பில் (கையில் அல்ல!) சென்சாரைக் கட்டிக்கொண்டார்கள். தினம் 2,700 ஸ்டெப் நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடம் பிறகு வந்த ஆண்டுகளில் இறப்பு 41 சதவீதம் குறைவு. 7,500-க்கு மேல் போனால் கூடுதலாக ஒன்றும் தெரியவில்லை. உடம்பு தெம்பாக இருப்பவர்தான் அதிகம் நடப்பார் என்பதும் இதில் கலந்திருக்கலாம். உங்கள் மாமனாருக்கு அந்த 4,400-கூட வேண்டாம், அவருடைய போன வாரக் கணக்கோடு இந்த வாரத்தை ஒப்பிட்டால் போதும்.

இன்னொன்று, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பது போன்ற பயிற்சிகள் இந்த ஸ்டெப் கணக்கில் வராது. ஆனால் 65 தாண்டியவர்களுக்குத் தசை பலமும் தடுமாறாமல் நிற்கும் பயிற்சியும் வாரத்தில் 3 நாளாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிசியோதெரபிஸ்ட் எதைச் செய்யச் சொன்னாரோ, அதைச் செய்த நாளில் சுவர்க் காலண்டரில் ஒரு டிக் போடச் சொல்லுங்கள், மாமனார் கையாலேயே.