பேஸ்பாலில் ஊசி போட்டவர் யார், போடவிட்டவர் யார்? – கேள்வி பதில்

1999-லிருந்து சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பக்கம் இருக்கிறேன். சோறு போடுவது கம்ப்யூட்டர் வேலை, தூக்கத்தைக் கெடுப்பது பேஸ்பால். ஸ்டீராய்டு (தசை வளர்க்கும் ஊக்கமருந்து) சர்ச்சையில் சிக்கிய ஹோம் ரன் சாதனையாளர் பாரி பாண்ட்ஸுக்கு ஏன் இன்னும் ஹால் ஆஃப் ஃபேமில் (பேஸ்பால் மேதைகளுக்கான கௌரவ மண்டபம்) இடமில்லை என்று சென்ற வாரம் பேச்சுவாக்கில் ஒரு வரி சொன்னேன். அதற்கு இத்தனை கேள்விகள். கிரிக்கெட் மட்டும் பார்ப்பவர்களையும் மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன், விவரம் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார், பந்தைக் கணித்து அடிப்பதுதானே வித்தை? ஊசி போட்டுக் கை பெருத்தால் கண் கூர்மையாகிவிடுமா?

ஆகாது. நானும் நீங்களும் எத்தனை ஊசி போட்டுக்கொண்டு போய் நின்றாலும் மூன்று பந்தில் திரும்பி வந்துவிடுவோம். ஆனால் ஏற்கெனவே அடிக்கத் தெரிந்தவனுக்குக் கிடைக்கும் லாபம் வேறு. ஹோம் ரன் என்பது நம் சிக்ஸர் மாதிரி, பந்து வேலியைத் தாண்டிப் பறக்க வேண்டும். வேலிக்கு நாலடி முன்னால் இறங்கினால் பிடித்துவிடுவார்கள், அவுட். நாலடி தள்ளி இறங்கினால் ஆரவாரம். மட்டை வீச்சின் வேகம் துளி கூடினால் போதும், கேட்ச் ஆக வேண்டிய பந்துகளில் சில வேலிக்கு அந்தப் பக்கம் போய்விடும்.

அப்புறம், ஒரு அணி ஆறு மாதத்தில் 162 ஆட்டம் ஆடுகிறது. ஆகஸ்ட் வந்தால் எல்லோருக்கும் உடம்பு துவண்டுவிடும். ஸ்டீராய்டின் பெரிய உபயம் தசை சீக்கிரம் தேறுவதுதான். நேற்று எடை தூக்கியவன் இன்றும் தூக்கலாம், நேற்றுப் பந்து வீசியவன் இன்றும் வீசலாம். அதனால் பிட்சர்களும் நிறையவே எடுத்தார்கள். இதற்கு முந்தைய தலைமுறை சோர்வு தெரியாமல் இருக்க 'கிரீனி' என்ற ஆம்பெட்டமின் மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தது. அதற்குச் சோதனையும் தண்டனையும் வந்தது 2006-ல்தான். அந்தக் காலத்து ஆட்டம் சுத்தம் என்று பெரிசுகள் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

கேள்வி: எல்லாரும் 1998-ஐத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்களே, அந்த வருஷம் என்ன நடந்தது?

அதற்கு 1994-லிருந்து வர வேண்டும். அந்த வருஷம் ஆகஸ்ட் 12-ஆம் தேதி ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சம்பளத்துக்கு உச்சவரம்பு போட முதலாளிகள் முயன்றதுதான் காரணம். சாம்பியன் யார் என்று முடிவுசெய்யும், இரண்டு உலகப் போர்களிலும் நிற்காத வேர்ல்டு சீரிஸ் அந்த வருஷம் நடக்கவே இல்லை. ரசிகர்கள் வெறுத்துப்போனார்கள். 1993-ல் 7 கோடிக்கு மேல் மைதானத்துக்கு வந்த கூட்டம் 1995-ல் சுமார் 5 கோடி. அந்த சீசனில் ஆட்டங்களும் குறைவுதான், ஆனாலும் அடி பலமான அடி.

இந்த நேரத்தில்தான் செயின்ட் லூயிஸ் அணியின் மார்க் மக்வயரும் சிகாகோ கப்ஸின் சாமி சோசாவும் போட்டி போட்டு ஹோம் ரன் அடிக்க ஆரம்பித்தார்கள். ராஜர் மேரிஸ் 1961-ல் அடித்த 61 அதுவரை யாரும் தொடாத எண். 1998-ல் மக்வயர் 70, சோசா 66. நாடே திருவிழா கொண்டாடியது. மக்வயரின் எழுபதாவது பந்தை ஒருவர் சுமார் 30 லட்சம் டாலர் கொடுத்து வாங்கினார். பேஸ்பால் பிழைத்துக்கொண்டது என்றார்கள்.

அதே ஆகஸ்டில் அசோசியேட்டட் பிரஸ் நிருபர் ஸ்டீவ் வில்ஸ்டீன் மக்வயரின் லாக்கரில் ஒரு பாட்டிலைப் பார்த்தார். ஆண்ட்ரோஸ்டெனடையோன், உடம்புக்குள் போய் டெஸ்டோஸ்டிரோனாக மாறும் சரக்கு. ஒலிம்பிக்கிலும் அமெரிக்கக் கால்பந்து லீகிலும் தடை. பேஸ்பாலில் தடை இல்லை, கடையிலேயே கிடைத்தது. அவர் அதை எழுதினார். பாட்டில் வைத்திருந்தவரை விட்டுவிட்டு எழுதியவர்மேல் பாய்ந்தார்கள், சக பத்திரிகையாளர்கள் சிலர் உட்பட. பழி யாருக்கு என்று கேட்பவர்கள் இந்தக் காட்சியை மறக்கக் கூடாது. மக்வயர் ஸ்டீராய்டு எடுத்ததை ஒப்புக்கொண்டது 2010 ஜனவரியில்.

கேள்வி: தடையே இல்லாத பொருளைச் சாப்பிட்டதற்கு ஏன் சார் குற்றம் சொல்கிறீர்கள்?

ஆண்ட்ரோவுக்கு நீங்கள் சொல்வது சரி. ஸ்டீராய்டுக்குச் சரியில்லை. மருத்துவர் சீட்டு இல்லாமல் அதை வைத்திருப்பதை 1990-லேயே அமெரிக்கச் சட்டம் குற்றமாக்கிவிட்டது. 1991 ஜூனில் அப்போதைய கமிஷனர் (பேஸ்பால் லீகின் தலைவர்) ஃபே வின்சென்ட், சட்டவிரோத மருந்து எதுவும் பேஸ்பாலில் கூடாது, அதில் ஸ்டீராய்டும் அடக்கம் என்று எல்லா அணிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பினார். ஆனால் சோதனை கிடையாது. 'திருடாதே' என்று பலகை மாட்டிவிட்டுப் பூட்டை மட்டும் வாங்காமல் விட்ட வீடு அது.

கேள்வி: பூட்டு வாங்கவிடாதது ஆட்டக்காரர்கள் யூனியன்தானே என்று சொல்லப்போகிறீர்கள். தொழிற்சங்கத்தைக் குறை சொல்வது எப்போதும் முதலாளி பேச்சு, தோழர்.

தோழர், முதலில் உங்கள் பக்கம் நின்றே பேசுகிறேன். அந்த யூனியன் முதலாளிகளை நம்பாததற்குக் காரணம் இருந்தது. 1980-களின் நடுவில் அணி முதலாளிகள் தங்களுக்குள் ரகசியமாகக் கைகோத்துக்கொண்டு, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்களை யாரும் கூடுதல் விலைக்கு எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டார்கள். மாட்டிக்கொண்டு 28 கோடி டாலர் நஷ்டஈடு கட்டினார்கள். அப்படிப்பட்டவர்கள் வந்து சிறுநீர் கொடு என்றால் யார் கொடுப்பார்கள்? சந்தேகத்துக்கு ஆதாரம் இல்லாமல் தொழிலாளியின் உடம்பைச் சோதிக்காதே என்பது நியாயமான வாதம்தான்.

ஆனால் யூனியன் எந்தத் தொழிலாளிக்காக நின்றது என்று பாருங்கள். கீழே மைனர் லீகில் ஆடுபவர்கள் அன்றைக்கு யூனியனில் கிடையாது. அவர்களுக்கு 2001-லேயே கமிஷனர் சோதனையைப் புகுத்திவிட்டார், கேட்க நாதியில்லை. மேலே இருப்பவர்களுக்கு 2003-ல்தான் முதல் சோதனை. அதுவும் பெயர் வெளியே வராது, தண்டனை கிடையாது. 5 சதவீதத்துக்கு மேல் பேர் மாட்டினால் மட்டும் அடுத்த வருஷம் முதல் நிஜச் சோதனை என்று ஒப்பந்தம். அந்த வருஷம் சோதனை உண்டு என்று முன்கூட்டியே தெரியும். தெரிந்தும் 5 முதல் 7 சதவீதம் வரை மாட்டினார்கள்!

எனக்கு அதில் மறக்காத விஷயம் வேறு. சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியில் சில ஆட்டக்காரர்கள் சோதனைக்கு வரமாட்டோம் என்று சொல்ல யோசித்தார்கள். மருந்து எடுத்தவர்கள் இல்லை அவர்கள். வரமறுத்தால் மாட்டியவர் கணக்கில் சேரும், எண்ணிக்கை 5 சதவீதத்தைத் தாண்டும், நிஜச் சோதனை வந்துவிடும் என்ற கணக்கு. கடைசியில் செய்யவில்லை. ஒரு சங்கத்தின் உறுப்பினர் தன் நியாயத்தைக் கேட்கவைக்கத் தன்னையே குற்றவாளிப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள நினைத்தால், அந்தச் சங்கம் அவனுக்கானதாக இல்லை. இது முதலாளி பேச்சா தோழர்?

கேள்வி: எல்லாரும் எடுத்தார்கள் என்றால் கணக்கு சமம்தானே? எதற்கு இத்தனை கூப்பாடு?

எல்லாரும் எடுக்கவில்லை. கென் காமினிட்டி 1996-ல் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர். அந்த சீசனில் ஸ்டீராய்டு எடுத்ததை 2002-ல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். பாதிப் பேருக்குக் குறையாமல் எடுக்கிறார்கள் என்று அப்போது சொன்ன கணக்கைப் பிறகு அவரே பின்வாங்கிக்கொண்டார். (பாவம், 2004-ல் 41 வயதில் இறந்துபோனார்.) பாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள், மீதிப் பாதி என்ன ஆனது?

நட்சத்திரங்களை விடுங்கள், அவர்கள் எப்படியும் பிழைப்பார்கள். அணியில் கடைசி இடத்துக்கு இரண்டு பேர் மோதுகிறார்கள் என்று வையுங்கள். திறமை கிட்டத்தட்ட ஒன்று. ஒருவன் ஊசி போடுகிறான், ஒருவன் போடவில்லை. போட்டவனுக்கு மேலே இடம். 2003 கணக்கில் குறைந்தபட்சச் சம்பளமே வருஷத்துக்கு 3 லட்சம் டாலர். மற்றவன் மைனர் லீகில் மாதம் ஆயிரத்துச் சொச்சம் டாலருக்குப் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய், இரண்டு மூன்று வருஷத்தில் ஆட்டத்தை விட்டுவிட்டு வேறு வேலை தேடுவான். அவன் பெயர் எந்த அறிக்கையிலும் இல்லை. சாதனைப் புத்தகம் கெட்டுப்போனது என்று அழுபவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். புத்தகத்தில் ஒரு குறிப்புப் போட்டுச் சரிசெய்யலாம், அவனுக்கு என்ன போடுவது?

டொமினிக்கன் குடியரசு இன்னும் மோசம். அங்கே 16 வயதில் ஒப்பந்தம். பையனைத் தயார்செய்யும் தரகருக்கு ஒப்பந்தப் பணத்தில் பங்கு உண்டு. ஊசியில் என்ன இருக்கிறது என்று அந்தப் பையன் கேட்பானா?

கேள்வி: பாண்ட்ஸ் ஸ்டீராய்டு சோதனையில் மாட்டவே இல்லையே? கறுப்பர் என்பதால் குறிவைத்தார்களா?

நிறவெறி இருந்தது, நான் மறுக்க மாட்டேன். மக்வயருக்குக் கிடைத்த செல்லம் பாண்ட்ஸுக்குக் கிடைக்கவில்லை. ஆளும் முசுடு, நிருபர்களைக் கண்டாலே ஆகாது. ஆனால் ஆதாரம் காற்றில் வந்ததில்லை. 2003 செப்டம்பரில் இங்கே பக்கத்தில் பர்லிங்கேமில் 'பால்கோ' என்ற ஊட்டச்சத்து நிறுவனத்தில் ரெய்டு நடந்தது. அந்த நிறுவனத்தை நடத்தியவர் விக்டர் கான்டே. அங்கே 'கிளியர்', 'கிரீம்' என்று இரண்டு சரக்கு. கிளியர் என்பது சோதனையில் தெரியாதபடி செய்த புது ஸ்டீராய்டு. ஒரு தடகளப் பயிற்சியாளர் அனுப்பிய சிரிஞ்சில் ஒட்டியிருந்த மிச்சத்திலிருந்து டான் காட்லினின் லாஸ் ஏஞ்சல்ஸ் ஆய்வகம் அது என்னவென்று கண்டுபிடித்தது. சோதனையில் மாட்டவில்லை என்பது அந்தக் காலத்தில் பெரிய சான்றிதழ் இல்லை.

தன் பயிற்சியாளர் கொடுத்தது ஆளிவிதை எண்ணெய், மூட்டுவலித் தைலம் என்று நினைத்தேன் என்று பாண்ட்ஸ் விசாரணையில் சொன்னார். 2011-ல் நீதிக்கு இடையூறு என்று ஒரு தீர்ப்பு வந்தது, 2015-ல் அதுவும் ரத்தாகிவிட்டது. சட்டப்படி ஆள் சுத்தம். 2000-ல் அடித்த 49 ஹோம் ரன்தான் அதுவரை அவருடைய அதிகபட்சம், அடுத்த வருஷம், 37 வயது ஆன சீசனில், 73. இதற்கு மேல் நீங்களே முடிவுசெய்யுங்கள். சோகம் என்னவென்றால், ஊசிப் பேச்சு எழும் முன்பே மூன்று முறை சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய மேதை அவர்.

கேள்வி: சுற்றி வளைக்காதீர்கள் அண்ணே. குற்றவாளி யார்? ஒரே பெயர்.

பட் சீலிக்.

கேள்வி: அநியாயம். ஊசி போட்டுக்கொண்டது சீலிக்கா?

இல்லை தம்பி, நீ ஒரே பெயர் கேட்டாய். 1992 முதல் 2015 வரை கமிஷனர் நாற்காலியில் இருந்தவர் அவர். மில்வாக்கி அணியின் முதலாளியாக இருந்து கமிஷனர் ஆனவர். 1998-ல் கூட்டம் திரும்பி வந்தபோது கல்லாவை எண்ணிய கூட்டத்துக்குத் தலைவர். 2005 மார்ச்சில் நாடாளுமன்றக் குழு கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்ட பிறகுதான் தண்டனை நிஜமாகவே கடுமையானது. அந்த விசாரணையில் மக்வயர் பழையதைப் பேச வரவில்லை என்றார். இன்னொரு ஆட்டக்காரர் ரஃபேல் பால்மீரோ விரலை நீட்டி, எடுத்ததே இல்லை என்றார். சில மாதத்தில் சோதனையில் மாட்டினார். தண்டனை என்ன தெரியுமா? பத்து நாள்!

முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்சலை விசாரிக்கச் சொன்னதும் சீலிக்தான், அதைச் சொல்லியாக வேண்டும். 2007 டிசம்பரில் வந்த அந்த அறிக்கை 89 ஆட்டக்காரர்களைப் பெயர் சொன்னது. கமிஷனர்கள், அணி நிர்வாகங்கள், யூனியன், ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் பங்கு உண்டு என்றும் எழுதியது. ஆனால் அடுத்த நாள் பத்திரிகைகளில் வந்த பட்டியல் ஆட்டக்காரர்கள் பட்டியல்தான்.

கேள்வி: ஹால் ஆஃப் ஃபேம் நிலவரம்?

பத்து வருஷம் வாய்ப்பு, 75 சதவீத ஓட்டு வேண்டும். பாண்ட்ஸும் பிட்சர் ராஜர் கிளமென்ஸும் 2022-ல் கடைசி வாய்ப்பில் 66, 65 சதவீதம் என்று நின்றுபோனார்கள். அதே வருஷம் பாஸ்டன் அணியின் நட்சத்திரம் டேவிட் ஆர்டிஸ் முதல் முயற்சியிலேயே உள்ளே. 2003 சோதனையில் மாட்டியவர்களின் ரகசியப் பட்டியலில் அவர் பெயரும் இருந்ததாகச் செய்தி வந்தது, அந்தச் சோதனை முடிவுகளே நம்பத்தக்கதா என்ற கேள்வியும் உண்டு. ஆர்டிஸ் சிரித்துப் பேசுவார், பாண்ட்ஸ் முறைப்பார். ஓட்டுப் போடுவது பத்திரிகையாளர்கள். சீலிக் 2017-லேயே உள்ளே போய்விட்டார்.

கேள்வி: கிரிக்கெட்டில் இப்படி இல்லை என்பதில் எனக்குப் பெருமை.

அவசரப்படாதீர்கள். 2003 உலகக் கோப்பை தொடங்கும் நேரத்தில் ஷேன் வார்ன் தடைசெய்த மாத்திரையில் மாட்டி, திருப்பி அனுப்பப்பட்டு ஒரு வருஷத் தடை வாங்கினார். திடீர்ச் சோதனைக்காக எங்கே இருக்கிறோம் என்று தினமும் சொல்ல வேண்டிய விதியை இந்திய வாரியம் பல வருஷம் எதிர்த்தது. 2019-ல்தான் தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையின் கீழ் வந்தது.

கேள்வி: இப்போதாவது நின்றுவிட்டதா?

குறைந்திருக்கிறது. முதல் முறை 80 ஆட்டம், அடுத்து ஒரு முழு சீசன், மூன்றாவது முறை ஆயுள் தடை. இருந்தும் ராபின்சன் கனோ இரண்டு முறை மாட்டினார், 2022-ல் சான் டியாகோவின் இளம் நட்சத்திரம் ஃபெர்னாண்டோ டாடிஸ் மாட்டினார். ஏன் துணிகிறார்கள் என்றால், ஒப்பந்தம் ரத்தாவதில்லை, தடைக்காலச் சம்பளம் மட்டும்தான் போகும். ஜானி பெரால்டா 2013-ல் அப்போதைய விதிப்படி 50 ஆட்டத் தடை முடித்த கையோடு அந்தக் குளிர்காலத்திலேயே 5 கோடியே 30 லட்சம் டாலருக்குப் புது ஒப்பந்தம் போட்டார். கையெழுத்து வாங்கிய அணி எதையும் தெரியாமல் வாங்கவில்லை.

கேள்வி: நீங்கள் பாண்ட்ஸுக்குக் கைதட்டியிருக்கிறீர்களா? உண்மையைச் சொல்லுங்கள்.

தட்டியிருக்கிறேன். தொண்டை வறளக் கத்தியும் இருக்கிறேன். பால்கோ வந்த பிறகும்தான். 2007 ஆகஸ்ட் 7-ஆம் தேதி அவர் 756-வது ஹோம் ரன் அடித்து அதுவரை சாதனையை வைத்திருந்த ஹாங்க் ஆரனைத் தாண்டியபோது நான் வீட்டில் டிவி முன்னால் எழுந்து நின்றேன், என் மனைவி ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பந்தை ஒரு ஆடை வடிவமைப்பாளர் 7,52,467 டாலருக்கு ஏலத்தில் எடுத்து, என்ன செய்யலாம் என்று இணையத்தில் மக்களையே ஓட்டுப் போடச் சொன்னார். அப்படியே ஹால் ஆஃப் ஃபேமுக்குக் கொடுப்பது, 'இந்தச் சாதனையில் சந்தேகம் உண்டு' என்று காட்ட நட்சத்திரக் குறி பொறித்துக் கொடுப்பது, ராக்கெட்டில் ஏற்றி விண்வெளிக்கு அனுப்புவது என்று மூன்று வழி. நட்சத்திரக் குறி ஜெயித்தது, பொறித்துத்தான் கொடுத்தார்கள்.

நான் ராக்கெட்டுக்கு ஓட்டுப் போட்டேன்.