எடைக்குப் போடுவதற்கு முன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நேபாளத்தின் மதன் புரஸ்கார் புஸ்தகாலயம் பற்றிய உங்கள் குறிப்பை வாசித்தேன். நேபாளி மொழியில் அச்சான எதையும் கழிக்காமல் சேர்த்துவைக்கிறார்கள் என்று மெச்சியிருந்தீர்கள். நல்ல நூல்களைத் தேர்ந்து வைப்பதல்லவா நூலகத்தின் வேலை? அப்படியே வைத்தாலும், எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டால் காகிதம் எதற்கு? சொந்தக் காரணமும் உண்டு. எங்கள் பழைய வீட்டை இடிக்கப்போகிறோம். தாத்தா சேர்த்த பத்திரிகைகள் டிரங்குப் பெட்டிகளில் கிடக்கின்றன. எதை வைத்துக்கொள்வது, எதை எடைக்குப் போடுவது?

எஸ்.எம்., நாகர்கோவில்

அன்புள்ள எஸ்.எம்.,

எது நல்ல நூல் என்று தீர்மானிக்கும் வேலையை நேபாளத்தில் ஒரு காலத்தில் அரசே செய்தது. பரம்பரையாக ஆட்சியைக் கையில் வைத்திருந்த ராணா குடும்பத்துப் பிரதமர் சந்திர சம்ஷேர் 1913-ல் கோர்க்கா மொழிப் பிரசுரக் குழுவை ஏற்படுத்தினார். நேபாளிக்கு அன்று கோர்க்கா மொழி என்றுதான் பெயர். அனுமதி இல்லாமல் ஒரு துண்டுப் பிரசுரம்கூட வெளியிட முடியாது. 1920-ல் கிருஷ்ணலால் அதிகாரி என்ற அரசு ஊழியர் ‘மகைகோ கேதி’ என்று ஒரு புத்தகம் போட்டார். மக்காச்சோளச் சாகுபடி பற்றியது. பயிரைத் தின்னும் பூச்சிகளில் சிவப்புத் தலையும் உண்டு, கறுப்புத் தலையும் உண்டு என்று எழுதினார். சீமை நாயையும் நாட்டு நாயையும் ஒப்பிட்டு, விளைச்சலைக் காப்பது நாட்டு நாய்தான் என்றார். அரண்மனைக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. பூச்சி என்றது தங்களைத்தான் என்று ராணாக்கள் எடுத்துக்கொண்டார்கள்.

ஒன்பது ஆண்டுச் சிறை. அச்சிட்ட ஆயிரம் பிரதிகளையும் திரட்டி அழிக்கப் பார்த்தபோது ஒன்று மட்டும் குறைந்தது. அதை ஒப்படைத்தால் மூன்று ஆண்டு குறைக்கிறோம் என்று சொல்லிப்பார்த்தார்களாம். பிரதி வரவில்லை. 1923-ல் அவர் சிறையிலேயே இறந்தார். அந்த ஒற்றைப் பிரதி இன்றுவரை யார் கண்ணிலும் படவில்லை.

இப்போது நீங்கள் சொல்லும் தேர்ந்தெடுக்கும் நூலகரை அங்கே உட்காரவையுங்கள். அவர் நல்லவர், படித்தவர், அரசாங்கத்துக்குப் பயப்படாதவர் என்றே வைத்துக்கொள்வோம். கவிதை, நாடகம், காவியம் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருப்பார். சாகுபடிக் கையேட்டை? உரமும் விதையும் மாறிப்போனபின் பத்தாண்டில் அதுவாகவே கழிவுக் கட்டில் சேர்ந்திருக்கும். நெருப்புக்குத் தேவையே இருந்திருக்காது. நேபாளி மொழியின் அரசியல் எழுத்துக்குத் தொடக்கம் என்று இன்று பலரும் சுட்டும் புத்தகம் அது.

இந்தச் சந்திர சம்ஷேரின் மகன்தான் மதன் சம்ஷேர். 1955-ல் மதன் இறந்தபின் அவர் மனைவி ராணி ஜகதம்பா கொடுத்த பணத்தில் ஒரு ‘குட்டி’ உருவானது. அங்கே அறக்கட்டளைக்கு அப்படித்தான் பெயர். நேபாளி நூல்களுக்கு ஆண்டுதோறும் மதன் புரஸ்கார் என்ற பரிசு. மாமனாரின் ஆட்சி புத்தகத்தை எரித்தது, மருமகளின் பணம் புத்தகம் சேர்த்தது. (மதனின் அண்ணன் கைசர் சம்ஷேரும் பெரிய புத்தகப் பித்தர். காத்மாண்டுவில் அவர் பெயரில் நூலகமே இருக்கிறது. ஆனால் அவர் மனம் போனது பெரும்பாலும் ஆங்கிலப் புத்தகங்களின் பின்னால்.)

பரிசுக்கென்று வந்து குவிந்த புத்தகங்களும், நூலகத்தை உருவாக்கிய கமல் மணி தீட்சித் இளம் வயதிலிருந்து சேர்த்த புத்தகங்களும் சேர்ந்துதான் லலித்பூரின் பாடன் டோக்காவில் உள்ள அந்த நூலகம். பரிசு பெறுவது ஒன்றிரண்டு. தோற்றவையும் அலமாரிக்குப் போயின. என் கண்ணில் அதுதான் அந்தப் பரிசின் பெரிய சாதனை. 2016-ல் இறக்கும்வரை தீட்சித் இதை விடவில்லை. எளிய காரியமும் அல்ல. நேபாளி அச்சின் தொடக்ககாலம் நேபாளத்துக்குள் நிகழவில்லை. நேபாளியின் ஆதிகவி எனப்படும் பானுபக்தரின் ராமாயணத்தை மோதிராம் பட்டர் அச்சேற்றியது காசியில். டார்ஜிலிங் இன்னொரு மையம். ஒரு மொழியின் பழைய இதழ்களுக்காக அடுத்த நாட்டின் ஊர்களில் அலைய வேண்டிய நிலை.

ஸ்கேன் பற்றி. 2015 ஏப்ரல் நிலநடுக்கத்தில் அந்த நூலகக் கட்டடம் பெரும் சேதமடைந்தது. எனவே கணினிப் பிரதி வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் கணினியில் ஏறியதெல்லாம் நிலைக்கும் என்று நினைக்காதீர்கள். நேபாளியில் பல ஆண்டுகள் ‘ப்ரீதி’ போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ரோமன் எழுத்துக் குப்பை. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்பைத் திறந்து விழித்த யாருக்கும் இது புரியும். இந்த நூலகமே, எந்தக் கணினியிலும் ஒரே எழுத்தாகப் படிக்க உதவும் யூனிகோட் முறைக்கான விசைப்பலகை வேலையிலும் இறங்கி, 2005-ல் நேபாலினக்ஸ் என்ற இயங்குதளத்தையும் வெளியிட்டது அதனால்தான். புத்தகக் காப்பாளர்கள் மென்பொருள் எழுத வேண்டி வந்தது.

காகிதத்தில் ஒரு விசித்திரம் உண்டு. இமயமலைச் சரிவில் வளரும் லோக்தா செடியின் பட்டையிலிருந்து கையால் செய்த தாள், பூச்சி அரிக்காமல் இருக்க அரிதாரம் என்ற மஞ்சள் நிற நச்சுக் கனிமம் பூசியது, நூற்றாண்டுகள் கடந்தும் மடித்தால் மடிகிறது. 1960-களின் செய்தித்தாளோ விரல் பட்ட இடத்தில் பொடியாகிறது. மரக்கூழில் உள்ள அமிலம் செய்யும் வேலை. அதாவது ஆவணக் காப்பகத்தில் அவசரச் சிகிச்சை வேண்டியிருப்பது பேரனுக்கு, பாட்டனுக்கு அல்ல.

உங்கள் தாத்தாவின் பெட்டியில் இருப்பதும் அந்தப் பேரன் ரகம்தான். எனவே நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள். கதை, கட்டுரைப் பக்கங்களை மட்டும் கிழித்து பைண்டு செய்யும் வழக்கம் நம்மிடம் உண்டு. அட்டையும் விளம்பரமும் அங்கேதான் போய்விடுகின்றன. பல்பொடி விலையும் நாடகக் கொட்டகை நோட்டீஸும் தலையங்கத்தில் கிடைக்காது. கோட்டையூரில் சைன்போர்டு எழுதிவந்த ரோஜா முத்தையா கல்யாணப் பத்திரிகையைக்கூட விடாமல் சேர்த்தார். சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிய அந்தச் சேகரிப்புதான் இன்று சென்னை தரமணியில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. முதலில் அவர்களுக்கு எழுதுங்கள். பதில் வரும்வரை பெட்டிகளை ஈரம் ஏறாத இடத்தில், தரையில் படாமல் பலகைமேல் வையுங்கள். கட்டுகளைப் பிரித்து அடுக்க வேண்டாம், தாத்தா கட்டிய வரிசையே ஒரு தகவல். எது எந்த ஊரில் வாங்கியது என்று வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால், துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம்.