வெள்ளம் தாங்கும் நெல் ஏன் அழுகியது?

வணக்கம் தம்பி. மியான்மரின் பெகு பக்கம், வெள்ளம் தாங்க வைக்கும் சப்-1 மரபணு உள்ள நெல்லை நட்டு, 18 நாள் முழுகிக் கிடந்ததில் பயிர் போய்விட்டது, விதை போலியா என்று கேட்டிருந்தீர்கள். விதையைத் திட்ட அவசரப்படாதீர்கள்.

அந்த மரபணு பயிரைத் தண்ணீருக்குள் மூச்சுவிட வைப்பதில்லை, சும்மா இருக்க வைக்கிறது. அவ்வளவுதான். முழுகிய சாதாரண நெல்லில் எத்திலீன் வாயு வெளியேறாமல் தேங்கும். அதனால், பயிரை நீள வைக்கும் ஜிப்ரலின் என்ற ஹார்மோனின் வேலை கூடும். சேர்த்துவைத்த மாவுச்சத்தையெல்லாம் செலவழித்து விறுவிறுவென நீளும், தண்ணீர் வடிந்ததும் துவண்டு விழும். ஒடிசாவின் எஃப்ஆர்13ஏ என்ற நெல் ரகத்தில் இருந்து வந்த சப்-1ஏ (சப்-1இல் வேலை செய்யும் மரபணு இதுதான்), இந்த ஊதாரித்தனத்துக்குக் கடிவாளம் போடுகிறது. ஆனால் கையிருப்பு ஏறத்தாழ இரண்டு வாரத்துக்குத்தான் தாங்கும். கலங்கல் தண்ணீர் என்றால் வெளிச்சம் இறங்காது, நாள் இன்னும் குறையும்.

அப்புறம், வெள்ளத்துக்குச் சற்று முன்னால் யூரியா போட்டீர்களா? அதுவும் கெடுதல்தான்.

சரி, இலை அழுகியதைப் பார்த்து உழுதுவிடாதீர்கள். தூரைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. கொழகொழவென்று நாறினால் போனதுதான். புது இலை விட்டபிறகு உரம் போடுங்கள்.