இலவச டப்பா

அன்புள்ள டாக்டர்,

சிகரெட், குளிர்பானம், பால்பவுடர், எதை எடுத்தாலும் கடைசியில் ஜெயிப்பது கம்பெனிதான் என்று தோன்றுகிறது. சட்டத்தால் உண்மையில் ஏதாவது நடக்கிறதா? பத்து நாள் முன் என் மனைவிக்கு சிசேரியன் ஆனது. இரண்டாம் நாள் ‘பால் பத்தல’ என்று சொல்லி, வார்டிலேயே ஒரு பவுடர் டப்பாவை இலவசமாகக் கொடுத்தார்கள். நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். இப்போது குழந்தை புட்டிக்குப் பழகிவிட்டது. தாய்ப்பால், தாய்ப்பால் என்று ஓயாமல் பேசுவது என் மனைவி போன்றவர்களைக் குற்றவுணர்வில் தள்ளாதா?

கா.

அன்புள்ள கா,

உங்கள் மனைவி மேல் ஒரு தப்பும் இல்லை. இதை அவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். குற்றவுணர்வு பற்றி எனக்குச் சொல்ல இவ்வளவுதான். சிகரெட்டும் குளிர்பானமும் இன்னொரு நாளைக்கு.

‘நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. அந்த டப்பா வார்டுக்குள் எப்படி வந்தது, யார் காசு கொடுத்தது என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா உங்களுக்கு?

இரண்டாம் நாளில் கொடுத்ததைக் கவனியுங்கள். முதல் நாள் குழந்தை ஒரு வேளைக்குக் குடிப்பதே ஒரு டீஸ்பூன் அளவுதான். அதற்குச் சீம்பால் போதும். பால் இறங்குவது மூன்றாம் நாள் வாக்கில்; சிசேரியன் என்றால் இன்னும் சற்றுத் தள்ளிப்போகலாம். அதற்குள் பிறந்த எடையில் 7 சதவீதம் வரை குறைவது வழக்கம், இரண்டு வாரத்துக்குள் திரும்ப ஏறிவிடும். எடை 10 சதவீதம் குறைந்தாலோ, ரத்தத்தில் சர்க்கரை இறங்கினாலோ பவுடர் தேவைப்படலாம், அப்போது தயங்கக் கூடாது. ஆனால் பல வார்டுகளில் ‘பத்தல’ என்பது தராசைப் பார்த்துச் சொல்வதில்லை, அழுகையைக் கேட்டுச் சொல்வது.

புட்டியில் 60 மில்லி குடித்த குழந்தை மூன்று மணி நேரம் அசையாமல் தூங்கும். அந்த நேரம் முழுக்க மார்பில் உறிஞ்ச ஆளில்லை. பால் வெளியேறாமல் தேங்கினால் சுரப்பு குறையும். அடுத்த வேளை நிஜமாகவே பத்தாமல் போகும். முதல் சில நாளில் சுரப்பு நிலைபெறவிடாமல் செய்துவிட்டால், பிறகு விளம்பரமே தேவையில்லை, அம்மாவே கடைக்கு வருவார். மூன்று மாதக் குழந்தைக்கு 400 கிராம் டப்பா நாலைந்து நாளுக்கு மேல் வராது. காசு தட்டுப்படும் வீட்டில் பவுடரைக் குறைத்துத் தண்ணீரை ஏற்றுவார்கள். குழந்தை எடை போடாது. தண்ணீரும் சரியில்லை என்றால் பேதி. இலவச டப்பா இலவசமாக இருப்பது இதற்காகத்தான்.

1981 மே மாதம் உலக சுகாதார சபை இதற்கு விதிமுறை கொண்டுவந்தபோது 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து விழுந்த ஒரே ஓட்டு அமெரிக்காவுடையது. நம் நாட்டில் 1992-இல் சட்டம் வந்தது, 2003-இல் இறுக்கினார்கள். இரண்டு வயது வரையிலான பால்பவுடர், குழந்தை உணவு, புட்டி எதற்கும் விளம்பரம் கூடாது, இலவச மாதிரி கூடாது. டாக்டருக்குப் பரிசோ, அவர்கள் மாநாட்டுக்குப் பணமோ கொடுக்கக் கூடாது. பவுடர் டப்பாவில் குழந்தை படம்கூடப் போட முடியாது. கைக்குழந்தைப் பவுடருக்கு டிவியில் விளம்பரம் வராதது இந்தச் சட்டத்தால்தான். ஆகவே ஏதும் நடக்கவில்லை என்று விரக்தி பேசாதீர்கள். ஓட்டையும் உண்டு: இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கான பவுடரை ஏறக்குறைய அதே பெயரில், அதே சாயலில் விளம்பரம் செய்யலாம். வெளிநாட்டுக் கம்பெனி மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம், நம் கூட்டுறவு நிறுவனப் பவுடரும் இதே சட்டத்துக்குள்தான் வருகிறது.

இப்போது வீட்டு வேலை. பத்து நாள் என்பது தாமதமே இல்லை. இரவையும் சேர்த்து ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை மார்பில் போடச் சொல்லுங்கள், முதலில் மார்பு, பிறகுதான் பவுடர். பவுடரைப் புட்டியில் வேண்டாம், பாலாடையில் (சங்கு மாதிரி மூக்குள்ள சின்னக் கிண்ணம்) கொடுங்கள். கொதித்து இறக்கிய தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் கலக்கி, பிறகு ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். பவுடரில் கிருமி இருக்கலாம். பவுடரை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். குழந்தை டாக்டரிடம் எடை பார்த்துப் பார்த்துக் குறையுங்கள். நாளுக்கு ஆறு தடவையாவது நன்றாகச் சிறுநீர் போக வேண்டும்.

தீர்ந்தாலும் அந்த டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள். பேட்ச் எண் தெரியும்படி போட்டோ எடுங்கள். எந்தத் தேதி, எந்த வார்டு, கொடுத்தவர் என்ன பொறுப்பில் இருப்பவர், என்ன சொல்லிக் கொடுத்தார், பில்லில் அது இல்லை என்பது, எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். டாக்டர் மருந்துச் சீட்டில் பவுடரின் பிராண்ட் பெயரை எழுதியிருந்தால், அதை மட்டும் வைத்து வழக்கு நிற்பது கடினம். இலவச டப்பா வேறு விஷயம், அது கம்பெனியிடமிருந்து வந்தது என்று தெரிந்தால் மூன்று வருடம் வரை சிறைக்கு இடமுண்டு. ஒரு பிரதியை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும், இன்னொன்றை தாய்ப்பாலூட்டலை ஊக்குவிக்கும், டெல்லியில் உள்ள பி.பி.என்.ஐ. (BPNI) அமைப்புக்கும் அனுப்புங்கள். இந்தச் சட்டத்தின் கீழ் புகார் தொடுக்க அரசு அதிகாரம் கொடுத்த அமைப்பு அது. மனைவி உடம்பு தேறட்டும் என்று காத்திருக்க வேண்டாம், எழுத வேண்டியது நீங்கள்தான்.