அம்மாவுக்கு வந்தால் எனக்கும் வருமா?

பரம்பரைப் புற்றுநோய் பற்றிச் சேலம் வட்டார வாசகர்கள் கேட்டவற்றுக்கு மரபணு ஆலோசகரின் பதில்கள்.

அம்மாவுக்கு 42 வயதில் மார்பகப் புற்றுநோய். எனக்கு 29. ரத்தம் கொடுத்து ஜீன் பரிசோதனை பார்த்துவிடலாமா? (அம்மாப்பேட்டை)

முதலில் அம்மாவுக்குப் பாருங்கள். அவரிடம் ஜீன் மாற்றம் இருந்தால், உங்களுக்கும் அந்த ஒன்றைத் தேடினால் போதும். வந்திருக்க வாய்ப்பு 50 சதவீதம். அவரை விட்டுவிட்டு உங்களுக்கு மட்டும் பார்த்து ‘இல்லை’ என்று வந்தால், அதை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது.

பாட்டிக்கும் அத்தைக்கும் ‘வயிற்றில் கட்டி’. அப்பா வழிதானே, உனக்கென்ன என்கிறார் அம்மா. (ஏற்காடு)

பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்று இரண்டு ஜீன்கள்; இவற்றில் மாற்றம் இருந்தால் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பு கூடும். அந்த மாற்றம் அப்பாவுக்கு எந்த நோயும் தராமலேயே மகளுக்கு இறங்கும். இதைத்தான் வீட்டுக்கு வீடு விட்டுவிடுகிறோம். பீரோவில் பழைய பயாப்ஸி ரிப்போர்ட் கிடக்கிறதா பாருங்கள். அதில் சினைப்பை என்றிருந்தால் பிஆர்சிஏ பக்கம் போவோம். பெருங்குடல் என்றால் லிஞ்ச் சின்ட்ரோம் பக்கம்; அது பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் இன்னொரு பரம்பரைக் கோளாறு. யாருக்கு, எந்த வயதில் என்று மூன்று தலைமுறைக்கு எழுதிக்கொண்டு அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ வேலூர் சிஎம்சிக்கோ போங்கள்.

மாமன் மகனைத்தான் கட்டியிருக்கிறேன். அம்மாவுக்கு பிஆர்சிஏ2 உறுதியாகிவிட்டது. சொந்தத்தில் கட்டியதால் பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகமா? (ஆத்தூர்)

நல்ல கேள்வி, நம் பக்கத்துக்கே உரியது. அம்மாவும் மாமாவும் உடன்பிறந்தவர்கள். அதனால் அதே மாற்றம் மாமா வழியாக உங்கள் கணவரிடமும் இருக்கலாம். உங்களில் ஒருவரிடம் மட்டும் இருந்தால் சொந்தம், அசல் என்ற வித்தியாசமே இல்லை; ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதி வாய்ப்பு. இருவரிடமும் இருந்தால்தான் கணக்கு மாறும். பிள்ளை இரண்டு பக்கமும் வாங்கிக்கொள்ள நான்கில் ஒரு வாய்ப்பு. அப்படி வாங்கினால் ஃபேன்கோனி அனீமியா என்ற, எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும் நோய் சிறு வயதிலேயே வரலாம். அபூர்வம்தான், ஆனாலும் அடுத்த குழந்தைக்கு முன் இருவரும் பரிசோதித்துவிடுங்கள். நன்றாக இருக்கும் பிள்ளைகளுக்கு இப்போது வேண்டாம். 18 தாண்டட்டும், அவர்களே முடிவு செய்யட்டும்.

ரிப்போர்ட்டில் ‘முக்கியத்துவம் தெரியாத மாற்றம்’ என்று வந்திருக்கிறது. சினைப்பையை எடுத்துவிடலாம் என்கிறார் சொந்தக்காரர். (மேட்டூர்)

சொந்தக்காரர் சும்மா இருக்கட்டும். ஜீனில் ஒரு மாற்றம் இருக்கிறது, அது நோய் தருமா தராதா என்று இன்னும் தெரியவில்லை என்பதுதான் அந்த வரிக்கு அர்த்தம். அதை மட்டும் வைத்து எதையும் எடுக்கக் கூடாது. இப்படிப்பட்டவற்றில் பெரும்பாலானவை பின்னால் தீங்கற்றவை என்றே தெரியவரும். ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருந்து, ஓரிரு வருடம் கழித்து மறுபடி கேளுங்கள்.