ஆண்மை பிறப்பில் வருவதா, வளர்ப்பில் வருவதா? அது மாறுமா?

வளர்ப்பில்தான் வருகிறது. இதை எனக்குக் காட்டியது யாழ்ப்பாணத்தில் போரால் நேர்ந்த 1995 ஒக்டோபர் இடப்பெயர்வு. வலிகாமத்திலிருந்து இரவோடு இரவாக நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்த சனத்தில் நாங்களும் இருந்தோம். ஒரு பாடசாலை வகுப்பறையில் ஐந்து குடும்பங்கள். ஊரில் தண்ணீர் குடிக்கக்கூடக் குசினிப் பக்கம் வராத அப்பா, அங்கே அடுப்பு மூட்டினார். தங்கைக்குத் தலை பின்னிவிட்டார். அடுத்த வகுப்பறையில் ஒரு தபாலதிபர் குழந்தையின் துணி தோய்த்தார். யாரும் சிரிக்கவில்லை. எல்லா ஆண்களும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள்.

அடுத்த ஆண்டு ஊர் திரும்பினோம். வேலி அடைத்த கையோடு அப்பா குசினியை விட்டார். கற்ற வேலை கைக்கு மறந்துவிடவில்லை. ஒழுங்கையால் போகிற ஆண்களின் பார்வைக்குத்தான் அவர் அஞ்சினார்.

பார்வை மட்டுமா காரணம்? யாழ்ப்பாணத்தில் ஆண்பிள்ளையின் தலையில் சீதனத்தையும் ஏற்றிவிடுகிறோம். என் அண்ணன் பத்தொன்பது வயதில் சுவிசுக்குப் போனார். அக்காவுக்கும் தங்கைக்கும் வீடு, நகை, மாப்பிள்ளை வீட்டாருக்கு நன்கொடைக் காசு என்று எல்லாம் சேர்த்து முடிக்க அவருக்கு முப்பத்தெட்டு வயதாகிவிட்டது. அதற்குக் கூலியாக அவருக்குக் கிடைத்தது, சகோதரிகள் எதைச் செய்வதானாலும் தன்னைக் கேட்டுத்தான் செய்யவேண்டும் என்ற அதிகாரம். அவரும் பாவம், அவர்களும் பாவம். சீதனம் இருக்கும்வரை இந்த அதிகாரமும் இருக்கும் என்றே நான் நினைக்கிறேன். என் திருமணத்தில் சீதனம் வாங்க மறுத்தேன். அம்மா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

சட்டமும் துணை நிற்கிறது. ஒல்லாந்தர் 1707இல் சட்டமாக்கிய, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை, 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு சேர்ந்து, மனைவி தன் சீதனக் காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தைக் கேட்கிறது. அக்கா காணி விற்கப் போனபோது, அத்தானின் கையெழுத்து இல்லாமல் உறுதி முடிக்க முடியாது என்றார் நொத்தாரிசு. அத்தான் நல்லவர், மறுபேச்சின்றி ஒப்பமிட்டார். மறுத்திருந்தால் அக்கா மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய், அந்த மறுப்பு நியாயமற்றது என்று காட்டித்தான் அனுமதி பெற்றிருக்க வேண்டும். நல்ல மனிதர் வாய்க்காவிட்டால் தன் சொத்துக்கே நீதிமன்றம் ஏறவேண்டும் என்ற நிலை எனக்குப் பொறுக்கவில்லை. இந்தச் சட்டப் பிரிவை நீக்கச் சொல்லி ஆண்களும் குரல் கொடுக்க வேண்டும்.

போன வருடம் அம்மாவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. அப்பா திருவலையைத் தூக்கிக்கொண்டு முன் விறாந்தைக்கே வந்து தேங்காய் திருவினார். படலையைத் திறந்து வந்த அயலவர் திகைத்து நின்றார்.

"என்ன அண்ணை, நீங்களா திருவுகிறீர்கள்?"

"உள்ளே ஒளித்திருந்தா திருவ வேண்டும்? மற்றப் பாதி இருக்கிறது, வாருங்கள்" என்று அப்பா திருவலையை அவர் பக்கம் தள்ளினார். அவர் ஒழுங்கையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.