கார்டு பாக்கி கட்டாவிட்டால் ஜெயிலா? முதலில் அந்தத் தபாலைப் பிரியுங்கள்

கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: எட்டு மாதமாக கிரெடிட் கார்டு பாக்கி கட்டவில்லை. வசூல் ஏஜென்ட் "ரெண்டு நாள்ல வாரன்ட் வரும்" என்று மிரட்டுகிறார். வீட்டுக்கு ஒரு பதிவுத் தபால் வந்திருக்கிறது, பயத்தில் இன்னும் பிரிக்கவில்லை.

அதைப் பிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

இந்தியாவில் கார்டு கடனைக் கட்ட முடியாமல் போவது குற்றமே இல்லை. அது சிவில் விவகாரம். பொய்ச் சம்பளச் சீட்டு கொடுத்து கார்டு வாங்கியிருந்தால் மோசடி வழக்கு வரலாம். நேர்மையாக வாங்கிக் கட்ட முடியாமல் போனவரைப் பிடிக்க போலீஸுக்கு வேலையில்லை. வாட்ஸ்அப்பில் முத்திரையோடு வரும் 'கைது வாரன்ட்' வெறும் மிரட்டல். வாரன்ட் போடும் அதிகாரம் கோர்ட்டுக்குத்தான், எந்த வங்கிக்கும் கிடையாது.

ஆனால் ஏஜென்டின் வாயை அடைக்க செக் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அது திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவில் கிரிமினல் வழக்கு போடலாம். இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். நோட்டீஸ் கைக்கு வந்து 15 நாளுக்குள் அந்தத் தொகையைக் கட்டிவிட்டால் வழக்கு எழாது. கணக்கிலிருந்து தவணையைத் தானாக எடுக்கும் இ.சி.எஸ். பணமில்லாமல் திரும்பினாலும் 2007-ஆம் வருடத்துச் சட்டம் ஒன்றில் இதே தண்டனை இருக்கிறது.

இனி என் அண்ணன் விஷயம். வேலை போய் ஒரு வருடம் வீட்டில் இருந்தான், கார்டு பாக்கி ஏறிக்கொண்டே போனது. தபால்காரர் வந்தால் "வாங்கலைன்னு சொல்லிடு" என்பான். வாசலுக்குப் போய் அப்படிச் சொன்னது நான்தான். கவர் மேல் அவர் சிவப்பு மையில் 'வாங்க மறுப்பு' என்று எழுதிக்கொண்டு போனார். மூன்றாவதாக வந்தது வங்கியின் நோட்டீஸ் இல்லை, கோர்ட் சம்மன். மறுத்தால் அது வந்து சேர்ந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. வாய்தாவுக்கு ஆள் போகவில்லை. ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டது.

புது வேலையில் சேர்ந்த பிறகு, அலுவலகத்துக்கே சம்பள ஜப்தி உத்தரவு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கணக்குப் பிரிவில் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். அன்று இரவு அவன் சாப்பிடவில்லை. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் போக, எஞ்சியதைத்தான் பிடிக்க முடியும். 31,000 ரூபாய் சம்பளமென்றால் மாதம் 10,000. அதுவும் ஒரே தீர்ப்புக்கு மொத்தம் 24 மாதம்தான். பி.எஃப். பணத்தில் கைவைக்க முடியாது. ஆனால் அந்தப் பாக்கியில் பாதிக்கு மேல் தாமதக் கட்டணமும் வட்டியும். நேரில் போய் கணக்கு கேட்டிருந்தால் வாதாட இடம் இருந்தது. தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லலாமா என்று வக்கீலிடம் கேட்டோம். "சம்மன் வரவேயில்லைன்னா கேட்கலாம், நீங்க வாங்க மாட்டேன்னுல்ல சொல்லியிருக்கீங்க" என்றார். எனக்கு அந்தக் குற்ற உணர்ச்சி இன்னும் போகவில்லை.

சிவில் சிறை என்று ஒன்று சட்டத்தில் இருக்கத்தான் செய்கிறது. தீர்ப்புக்குப் பிறகும், கட்ட வசதியிருந்தும் வேண்டுமென்றே ஏய்ப்பவருக்குத்தான் அது. ஏழ்மையால் கட்ட முடியாதவரை அனுப்பக் கூடாது என்று 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் நீதிபதி கிருஷ்ணய்யர் தெளிவாக எழுதிவிட்டார்.

வழக்கு போட வங்கிக்கு மூன்று வருடம்தான் கெடு. அதற்குள் நீங்கள் எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டாலோ, எழுத்து ஆதாரத்தோடு ஒரு பகுதியைக் கட்டினாலோ அன்றிலிருந்து மறுபடி மூன்று வருடம். "ஒரு ஐந்நூறாவது போடுங்க சார்" என்று ஏஜென்ட் கெஞ்சுவதன் பின்னால் இதுவும் இருக்கலாம். கெடு முடிந்தாலும் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் பாக்கி தானாக மறைந்துவிடாது. சம்பளக் கணக்கும் அதே வங்கியில் இருந்தால் ஒப்பந்தத்தைப் பாருங்கள். அங்கிருந்தே பாக்கியை எடுத்துக்கொள்ள பெரும்பாலும் இடம் வைத்திருப்பார்கள்.

ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது, சொந்தக்காரர்களிடம் சொல்லி அவமானப்படுத்தக் கூடாது. ரிசர்வ் வங்கி விதி இது. மீறினால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

சமரசம் பேசி வழக்கை முடிக்கும் லோக் அதாலத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் தைரியமாகப் போங்கள், தள்ளுபடி பேச நல்ல இடம். உங்கள் சம்மதம் இல்லாமல் அங்கே எதுவும் முடிவாகாது. ஆனால் கையெழுத்துப் போட்டால் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. மாதாமாதம் உண்மையிலேயே கட்ட முடிகிற தொகையை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். தள்ளுபடிக் கடிதம் கைக்கு வந்த பிறகு பணம் கட்டுங்கள். சிபிலில் 'செட்டில்டு' என்று விழும், அது முழுதாகக் கட்டி முடித்ததற்குச் சமமாகாது.

இப்போது உங்கள் கையிலிருக்கும் கவர். வக்கீலின் லெட்டர்ஹெட் மட்டும் என்றால் நோட்டீஸ். எழுத்தில் பதில் கொடுங்கள், கணக்கு விவரம் கேளுங்கள். கோர்ட் முத்திரையும் வழக்கு எண்ணும் இருந்தால் சம்மன். எண்ணை இ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டால் வாய்தா தேதி தெரியும். சில வகை வழக்குகளில் சம்மன் கிடைத்த 10 நாளுக்குள் ஆஜராக வேண்டும், அதனால் நாளைக்கே ஒரு வக்கீலைப் பாருங்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும், அங்கே கேளுங்கள்.